அந்தமானுக்குப் பயணச்சீட்டு எடுக்கும் முன்

புறநோயாளிப் பிரிவில் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து, கதவருகே சென்ற பிறகு திரும்பி நின்று கேட்கப்படும் கேள்விகள் சில உண்டு. குளிர்காலம் தொடங்கிக் கோடை வரை அவற்றுள் அடிக்கடி எழுவது, "டாக்டர், அந்தமான் போய் வரலாமா?" என்பது. கேட்பவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதய நாளத்தில் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டவராக இருப்பார். அல்லது பதினைந்து ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவராக இருப்பார். பெரும்பாலும் அவருடைய பிள்ளைகள் விமானச்சீட்டை முன்னரே எடுத்திருப்பார்கள். மருத்துவரும் அடுத்த நோயாளியின் கோப்பில் ஒரு கண்ணை வைத்தபடி, "போகலாம், கவனமாக இருங்கள்" என்று சொல்லி அனுப்புவார். இந்த விடையால் எவருக்கும் பயனில்லை. எதில் கவனம், எந்த நாளில் கவனம், எதைச் செய்யாமல் விட வேண்டும் என்பவற்றில் ஒன்றுகூட அதில் இல்லை.

நோயின் பெயரை வைத்துக்கொண்டு ஒரு பயணத்தை அனுமதிப்பதும் மறுப்பதும் தவறான முறை என்பது என் கருத்து. அங்கே செய்யவிருக்கும் செயல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அது நம் உடலிடம் என்ன கேட்கிறது, அந்த இடத்திலிருந்து மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்ற இரண்டையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அம்முடிவைப் பணம் கட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டும்.

குடும்பங்களில் இப்போது நடப்பது வேறு. "இந்த வயதில், இந்த உடம்பை வைத்துக்கொண்டு உங்களுக்கு எதற்குக் கடலும் காடும்?" என்று ஒரு சாரார் முற்றிலும் தடுத்துவிடுகின்றனர். இப்படித் தடுக்கப்பட்டுப் பழகியவர், பிறகு எதையும் கேட்பதை நிறுத்திவிடுகிறார். கேட்டால் மறுப்பார்கள் என்பதால் சொல்லாமல் செய்கிறார். கடலில் இந்தச் சொல்லாமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பார்ப்போம்.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். போர்ட் பிளேர் 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என அழைக்கப்படுகிறது. ஹேவ்லாக் 2018ஆம் ஆண்டு இறுதியில் சுவராஜ் தீவு ஆயிற்று. மக்கள் நாவில் பழைய பெயர்களும் இன்னும் புழங்குவதால் இரண்டையும் அறிந்திருப்பது நல்லது. கடைத்தெருவிலும் மருத்துவமனையிலும் தமிழ் பேசுவோர் ஏராளம். மொழி தெரியாத இடத்தில் நெஞ்சுவலியை விளக்க வேண்டிய அச்சம் நம்மவர்க்கு அங்கே இல்லை. கரை வரை இறங்கி வரும் மழைக்காடு, சதுப்புநிலக் காடுகளுக்கு நடுவே ஓடும் உப்பங்கழி, கண்ணாடி போன்ற நீருக்கடியில் பவளம் என நான்கைந்து நாட்களுக்குள் பார்த்துத் திரும்பக்கூடியவை நிறைய. மாதக்கணக்கில் படுக்கையையும் மருந்துப் பெட்டியையுமே பார்த்த ஒருவர் அங்கே போக விரும்புவதில் வியப்பென்ன?

சுவராஜ் தீவுக்குச் செல்வோரை முதலில் ஈர்ப்பது ஸ்கூபா எனப்படும் ஆழ்நீர் மூழ்கல். நீச்சலே தெரியாதவரையும் பயிற்றுநர் கைப்பிடித்து அழைத்துச் சென்று பவளப்பாறைகளைக் காட்டி மீட்டு வருவார். இத்தகைய அறிமுக மூழ்கலுக்கு உச்ச வரம்பு 12 மீட்டர். "பன்னிரண்டு மீட்டர்தானே" என்று எண்ணத் தோன்றும். ஆனால் நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் காற்றழுத்தம் ஒரு மடங்கு கூடுகிறது. தரையில் ஒரு மடங்காக இருப்பது 10 மீட்டரில் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. அதாவது அழுத்தம் இருமடங்காவது முதல் பத்து மீட்டருக்குள்தான். அங்கே நுரையீரல் நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு, அதை வெளிவிடாமல் மேலே வந்தால் அக்காற்று இருமடங்காக விரிய முயலும். மூச்சுக்குழல்கள் சுருங்கிய ஆஸ்துமா நோயாளியிடத்தும், முன்பு நுரையீரலைச் சுற்றிக் காற்றுச் சேர்ந்து சிகிச்சை பெற்றவரிடத்தும் ஏதேனும் ஒரு பகுதியில் காற்று சிக்கிக்கொண்டால் நுரையீரல் கிழிய இடமுண்டு. செவிப்பறை அறுவை செய்துகொண்டவர்க்கும் இதே அழுத்தமே பகை.

இதயத்துக்கு வேறொரு சுமை. உடல் நீருக்குள் அமிழ்ந்தவுடன் கால்களிலும் வயிற்றிலும் தேங்கியிருக்கும் இரத்தம் மார்புப் பகுதிக்குத் தள்ளப்படுகிறது. நலமான இதயம் இதைத் தாங்கும். இதயத் தசை தளர்ந்தவர்க்கும், இரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்க்கும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நிலை உண்டாகலாம். "தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன், இரண்டு மாடி மூச்சுவாங்காமல் ஏறுகிறேன்" என்று பலர் பெருமிதத்துடன் சொல்வர். அது நல்ல செய்திதான். ஆயினும் நீரோட்டத்தை எதிர்த்து நீந்த வேண்டி வந்தால் உடல் கேட்கும் உழைப்பு மாடி ஏறுவதைவிடக் கூடுதல். ஸ்டென்ட் பொருத்தியவர் கடலில் இறங்க விரும்பினால், டிரெட்மில் பரிசோதனை தேவையா என்று தம் இதய மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் புறப்பட வேண்டும். அந்தக் கேள்வியை ஊர் போய்ச் சேர்ந்த பிறகு தொலைபேசியில் கேட்பதில் பொருளில்லை.

மூழ்கலுக்கு முன் ஒரு மருத்துவக் கேள்வித்தாள் தரப்படும். 45 வயதைக் கடந்தவரா, நெஞ்சில் அறுவை நடந்ததா, ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, நீரிழிவு உண்டா எனக் கேள்விகள் இருக்கும். "ஆம்" என்று குறித்தால் மேலும் சில கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும், அல்லது மருத்துவரின் ஒப்புதலைக் காட்ட வேண்டும். இப்போது அந்தக் காட்சியை எண்ணிப் பாருங்கள். காலை ஏழு மணி. பணம் கட்டியாயிற்று. பேரப்பிள்ளைகள் உடையணிந்து படகில் அமர்ந்துவிட்டனர். ஒப்புதல் எழுதித் தர வேண்டிய மருத்துவர் வங்கக் கடலின் மறுகரையில் இருக்கிறார். பேனாவைக் கையில் எடுத்தவர் எல்லாக் கட்டங்களிலும் "இல்லை" என்று குறித்துக் கையெழுத்திடுகிறார். அந்தப் பயணத்தின் மிக அபாயமான நொடி அதுவே. அலையும் சுறாவும் அதற்குப் பின்தான். தம் கையில் பிடித்திருப்பவர் யார் என்பதே அந்தப் பயிற்றுநருக்குத் தெரியாமல் போய்விடுகிறது. ஆகவே அக்கேள்வித்தாளை முன்கூட்டியே கேட்டு வாங்கி, அச்சிட்டு, மருத்துவரின் மேசைமீது வையுங்கள். மூழ்கல் நிறுவனங்கள் கேட்டால் அனுப்பக்கூடியதுதான் அது. மருத்துவர் மறுத்தால் ஏன் என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால் எழுத்தில் பெறுங்கள்.

இன்சுலின் போட்டுக்கொள்வோர்க்கு எல்லாக் கதவும் அடைபட்டுவிடவில்லை. நீரிழிவுள்ள பொழுதுபோக்கு மூழ்குநர்களுக்கென்றே நெறிமுறைகள் உள்ளன. நீரில் இறங்கும் முன் இரத்தச் சர்க்கரை 150 மில்லிகிராமுக்குக் குறையாமலும், இறங்குமுகமாக இல்லாமலும் இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஆனால் அவை சர்க்கரையைச் சீராக வைத்திருக்கும், முறையாகப் பயிற்சி பெற்ற மூழ்குநர்களுக்கானவை. வாழ்வில் முதன்முறையாக நீருக்கடியில் செல்லும் ஒருவருக்குப் படபடப்பு, நடுக்கம், குழப்பம் வந்தால் அது அச்சமா, குளிரா, தாழ்சர்க்கரையா என்று அவருக்கே தெரியாது. வாயில் சர்க்கரைக் கட்டியைப் போட்டுக்கொள்ளவும் அங்கே வழியில்லை. முதல் அந்தமான் பயணத்தில் இவர்கள் மூழ்கலைத் தவிர்ப்பதே சரி என்பேன்.

இங்கே ஒரு தவறான ஆறுதலையும் சொல்ல வேண்டும். தலைக்குக் கவசம் மாட்டிக் கடலடியில் நடக்கவைக்கும் 'சீ வாக்' என்னும் விளையாட்டை, முகம் நனையாததால், முதியோர்க்கு ஏற்றதென்று பலர் கருதுகின்றனர். ஏழு மீட்டர் ஆழத்தில் கவசம் அணிந்து நின்றாலும் அழுத்தம் அதே ஏழு மீட்டருக்குரியதுதான். காதுக்கும் நுரையீரலுக்கும் மேலே சொன்ன அத்தனையும் பொருந்தும்.

மூழ்க இயலாதவர்க்கு எஞ்சுவது கரையில் நாற்காலியும் இளநீரும் மட்டுமே என்று எண்ண வேண்டாம். மிதவைச் சட்டையுடன் நீர்ப்பரப்பில் மிதந்தபடி பவளத்தைக் காணும் ஸ்நார்க்கெலிங் பலருக்கு ஏற்றது. அங்கும் உடல் நீரில் அமிழ்கிறது என்பதால் இதய நோயாளி மருத்துவரைக் கேட்டே இறங்க வேண்டும். சதுப்புநிலக் காட்டின் ஊடே காயக் படகில், இருவர் அமரும் படகாகக் கேட்டு வாங்கி, துடுப்பைப் பாதி நேரம் உடன் வருபவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். அடிப்பகுதி கண்ணாடியாலான படகுகளும் உண்டு. ராதாநகர்க் கடற்கரையில் மாலைப்பொழுதைக் கழிப்பதற்கு எவருடைய ஒப்புதலும் வேண்டாம். எனினும் தீவுகளில் உப்புநீர் முதலைகள் உள்ளன. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் நலமானவரும் இறங்கலாகாது.

பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளைப் பற்றி என் கருத்து வேறு. அங்கே சாலை வழியாகச் செல்வோர் விடியலுக்கு முன் புறப்பட்டு, குறித்த நேரத்தில் வாகனத் தொடராக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் காட்டுவழியே செல்ல வேண்டும். நடுவில் வண்டியை நிறுத்த அனுமதியில்லை. சிறுநீர் பிரிக்கும் மாத்திரை உண்பவரும் புராஸ்டேட் வீக்கம் உள்ளவரும் இதன் பொருளை உடனே உணர்வர். அது ஒருபுறமிருக்க, அக்காடு ஜாரவா மக்களின் வாழிடம். அவர்கள் வீட்டு வாசல் வழியே வரிசைகட்டிப் போய்த்தான் குகை பார்க்க வேண்டுமா என்று நோயாளிகள் மட்டுமன்றி யாவருமே எண்ணிப் பார்க்கலாம்.

இனி நாட்களின் அமைப்பு. நான்கு இரவுகளில் மூன்று தீவுகள் என்று முகவர்கள் தரும் திட்டத்தை வாங்காதீர்கள். ஐந்து இரவு, இரண்டு தீவு போதும். சென்று சேரும் நாளில் எதுவும் வேண்டாம். சுவராஜ் தீவில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம். பெரிய சிகிச்சைக்குக் கடல் கடந்து ஸ்ரீ விஜயபுரத்திலுள்ள கோவிந்த் வல்லப் பந்த் அரசு மருத்துவமனைக்கு வர வேண்டும். கப்பலில் அது ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம். அதுவும் கப்பல் இருக்கும் வேளையில். மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் தொடக்க மணித்துளிகள் எத்துணை அரியவை என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாரடைப்பு வந்து சில வாரங்களே ஆனவரும், அண்மையில் மருந்தளவு மாற்றப்பட்டவரும் இவ்வாண்டு தீவைத் தள்ளிவைப்பதற்கு இந்தத் தொலைவே காரணம். வடக்கு அந்தமானில் சுமார் 730 மீட்டர் உயரமுள்ள சேடில் சிகரத்தை ஏறும் ஆசையும் குறுகிய பயணத்துக்கு ஒத்துவராது. அங்கே போய்ச் சேரவே நெடுநேரம் ஆகும். மருத்துவ வசதி இன்னும் எட்டி நிற்கும்.

கடல் கொந்தளித்தால் கப்பல்கள் நின்றுவிடும். எனவே விமானத்துக்கு முந்தைய இரவே ஸ்ரீ விஜயபுரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். குடும்பத்தில் மூழ்கியவர்களுக்கும் இது பொருந்தி வரும். ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறலாகாது. ஒரு முழு நாள் இடைவெளி விடுவது இன்னும் நல்லது.

அந்தமான் நமக்கு வெகுகிழக்கே இருந்தும் கடிகாரம் நம்முடையதே. டிசம்பரில் மாலை ஐந்து மணியளவில் கதிரவன் மறைந்துவிடும். இருட்டியதும் இரவு உணவு, அதற்கு முன் ஊசி என்று பழகியவர்கள் அங்கே கடிகாரத்தைப் பார்த்தே போட்டுக்கொள்ள வேண்டும். காட்டுவழி நடையை மூன்று மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

மருந்துகளை ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்து, இரு பைகளில் பிரித்து, இரண்டையும் கைப்பையாகவே கொண்டுசெல்லுங்கள். சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் இன்சுலின் உறைந்து கெட்டுவிடக்கூடும். வீட்டில் ஈர மண்சட்டியில் இன்சுலினைக் காப்போர் அதே முறையை, அல்லது நனைத்துப் பயன்படுத்தும் குளிர்ப்பையை நம்பிச் செல்வர். நீர் ஆவியானால்தான் அது குளிரும்; தீவின் ஈரக் காற்றில் ஆவியாவது மந்தமாகவே நடக்கும். தங்கும் விடுதியில் குளிர்பதனப் பெட்டி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்க. அதன் உறைநிலைத் தட்டுக்கு அருகில் வைக்க வேண்டாம். சர்க்கரை பார்க்கும் பட்டைகள் ஈரம் பட்டால் தவறான எண்ணைக் காட்டும். குப்பியை உடனுக்குடன் மூடுக. கப்பலில் குமட்டலுக்காக வாங்கும் மாத்திரைகள் பல உறக்கம் தருபவை. புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்க்கு அவை சிறுநீரை அடைத்துவிடவும் கூடும். அதையும் மருத்துவரிடம் கேட்டே வாங்குக. ஸ்டென்ட் பொருத்தியவர் இரத்தம் உறையாமைக்கான மாத்திரையை எக்காரணம் கொண்டும் தாமாக நிறுத்தலாகாது. பவளம் கீறினால் இரத்தம் வருமே என்று அஞ்சி நிறுத்துவோர் உளர். கீறலை அழுத்திப் பிடித்து நிறுத்திவிடலாம். ஸ்டென்ட் அடைபட்டால் அப்படி முடியாது.

கீறல் என்றதும் மற்றொன்று. நீரிழிவால் பாதத்தில் உணர்வு குன்றியவர் மணலிலும் நீரிலும் காலணியின்றி நடக்க வேண்டாம். கல்லீரல் நோயுள்ளவரும், மாற்று உறுப்பு பெற்று எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவரும் ஆறாத புண்ணுடன் கடலில் இறங்கக் கூடாது. வேகாத சிப்பியையும் நண்டையும் தொடக் கூடாது. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் சில கிருமிகள் இவர்களிடம் மிகக் கொடுமையாக நடந்துகொள்ளும். எலிஃபன்ட் கடற்கரைக்குப் படகிலும் போகலாம். சுமார் இரண்டு கிலோமீட்டர் காட்டுவழியே நடந்தும் போகலாம். மழைக்குப் பின் அவ்வழி சேறாகும். எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் அந்தமானில் நெடுங்காலமாக அறியப்பட்ட நோய். காலில் புண் இருந்தால் படகே மேல். திரும்பி வந்த மூன்று வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், சேற்றில் நடந்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

பயணக் காப்பீடு எடுப்போர், இருக்கும் நோயை மறைக்காமல் எழுதி, சாகச விளையாட்டுகள் அதில் அடங்குமா என்று படித்துப் பார்க்க வேண்டும்.

மருத்துவமனை இதழொன்று நோயாளிகளைக் கடலுக்கு அனுப்பலாமா என்று மருத்துவ நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். அவர்கள் போகத்தான் போகிறார்கள். நாம் "தவிர்க்கவும்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதித் தருவது நமக்கு எளிது. அவர்களுக்கோ அது கேள்வித்தாளில் "இல்லை" என்று குறிக்கவே பயிற்சியளிக்கிறது. பயணத் திட்டத்தைக் கையில் கொண்டுவரும் நோயாளிக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி, செய்யத்தக்கவை, தகாதவை என்று ஒரு தாளில் எழுதித் தருவதும் சிகிச்சையின் பகுதியே. வாசகர்கள் இதற்கெனத் தனியே நேரம் கேட்டு வாருங்கள். கதவருகே நின்று கேட்காதீர்கள்.

வரும்போது உடன் வருபவரையும் அழைத்து வாருங்கள். பெரும்பாலும் அவர் மனைவியாகவோ மகளாகவோ இருப்பார். ஊரில் மாத்திரை எடுத்துக் கொடுத்தவர் தீவிலும் மாத்திரைப் பையுடன் கரையில் அமர்ந்திருப்பதானால் அவருக்கு அது பயணமாகாது. ஐந்து நாட்களில் ஒரு முழுக் காலைப்பொழுதாவது அந்தப் பையை வேறொருவர் வைத்துக்கொள்ளுமாறு திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். அவர் காயக்கில் போகட்டும், விரும்பினால் மூழ்கட்டும். அந்தக் கேள்வித்தாள் அவருக்கும் உண்டு. அவரும் 45 வயதைக் கடந்தவராக இருக்கலாம். அவருடைய இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கடைசியாக எவர், எப்போது பார்த்தார்கள் என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. நீங்கள் வரும் அதே நாளில் அவருக்கும் ஒரு புறநோயாளிச் சீட்டுப் போட்டுவிடுங்கள்.